கல் சொன்ன பெயரும் ஊர் சொன்ன பெயரும்



அண்ணாமலையார் கோயிலைப் பற்றித் திருவண்ணாமலையிலேயே பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. இவ்வவையில் இருப்போருள் பலர் நடை பழகிய நாள் முதல் அக்கோபுரங்களின் நிழலில் நடந்தவர்கள். ஆனாலும் தேங்காய்ப் பழத் தட்டுடன் உள்ளே சென்று திருநீற்றுடன் வெளியே வருவோர், தாம் கடந்த வாயில்கள் ஒவ்வொன்றும் யார் பெயரைத் தாங்கி நிற்கின்றன என்று நின்று கேட்பது அரிது. இவ்வுரை அந்தப் பெயர்களைப் பற்றியது. பெயர்கள் கவிஞர்களின் தொழிற்பொருள் ஆதலால், கவிஞர்கள் கூடிய இடத்தில் அதனைப் பேசுவது பொருந்தும்.

ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் கோயில் அது. கோபுரங்கள் ஒன்பது. கீழை வாயிலில் நின்று உள்ளே நடப்பவர் ஒரு விந்தையைக் காணலாம். முதலில் எதிர்ப்படும் ராஜகோபுரம் 16ஆம் நூற்றாண்டினது. 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. அதனைத் தாண்டினால் 14ஆம் நூற்றாண்டு மன்னன் ஒருவன் பெயரைத் தாங்கிய வல்லாள கோபுரம், முன்னதைவிடச் சிறியது. அதற்கும் உள்ளே கிளிக் கோபுரம். சோழர் காலத்தது, இன்னும் சிறியது. கருவறையோ உயரத்தால் எவரையும் மிரட்டாதது. உள்ளே போகப் போகக் கட்டடம் குறுகுகிறது, காலம் பின்னோக்கி ஓடுகிறது. பேரரசுகள் வளர வளர மூலத்தானத்தைப் பெரிதாக்க எவரும் துணியவில்லை. அதனைச் சுற்றியே மதிலும் கோபுரமும் எழுப்பினர். தமிழகக் கோயில்கள் பலவற்றிற்கும் இவ்வியல்பு உண்டெனினும், இத்துணைத் தெளிவாக ஒரே நேர்கோட்டில் அதனைக் காட்டும் கோயில்கள் சிலவே.

ராஜகோபுரத்தைப் பற்றிக் கல் தெளிவாகவே பேசுகிறது. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய பெருந்திருப்பணிகளுள் இக்கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் அடங்கும். கோபுரம் அவர் காலத்தில் முடியவில்லை. தஞ்சையை ஆண்ட முதல் நாயக்கர் செவ்வப்பர் அதனை முடித்தார். சிவநேசர் என்பவரும் அவர் தம்பி லோகநாதரும் வேண்டிக்கொண்டதன்பேரில் அப்பணி நடந்தது எனக் கல்வெட்டு கூறும். தஞ்சை நாயக்கர் அவையில் பிறந்த சங்கீத சுதா என்னும் இசைநூலும் இக்கோபுரப் பணியை நினைவுகூர்கிறது. இத்தனைச் சான்றுகள் இருந்தும் ஊர் அதனை 'ராயர் கோபுரம்' என்றோ 'செவ்வப்பர் கோபுரம்' என்றோ அழைக்கவில்லை. ராஜகோபுரம் என்று பொதுப்பெயர் இட்டு நிறுத்திக்கொண்டது. இருவரும் பெரும்பொருள் செலவிட்டவர்கள். கல்லிலும் நூலிலும் பெயர் பொறித்தவர்கள். தெருவில் பூ விற்கும் அம்மையாரின் வாயில் அப்பெயர்கள் இல்லை.

மேலைக் கோபுரத்தின் கதி இன்னும் வேடிக்கையானது. மேற்கில் இருந்ததால் மேலைக் கோபுரம். அப்பெயர் வாய்க்கு வாய் மாறி, மகரம் பகரமாகித் தேய்ந்து, பேய்க் கோபுரம் ஆயிற்று என்பர். பேய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தெற்கில் உள்ளது திருமஞ்சன கோபுரம். இறைவன் திருமுழுக்குக்கு நீர் கொணரும் வழியாதலின் அப்பெயர். ஒலித்திரிபால் ஒன்றும் தொழிலால் மற்றொன்றும் பெயர் பெற்றன. கட்டியவர் பெயர் இரண்டிலும் இல்லை.

ஆயிரங்கால் மண்டபத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1896இல் மதுரையிலிருந்து வந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, அம்மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கக் குகையில் தம்மை மறந்து அமர்ந்திருந்தார் என்பதும், பழுதுற்ற அவ்விடம் புதுக்கப்பட்டு 1949இல் இராஜாஜி அவர்களால் திறந்துவைக்கப்பட்டது என்பதும் அவையோர் அறிந்தவை. தூண்கள் சரியாக ஆயிரம் உண்டா என்று எண்ணத் தொடங்கும் சிறுவர்கள் எல்லோரும் பாதியில் கணக்கைத் தவறவிட்டுவிடுவதும் அறிந்ததே.

நிற்க வேண்டிய இடம் வல்லாள கோபுரம்.

மூன்றாம் வீர வல்லாளன் போசள மன்னன். துவாரசமுத்திரம் என வழங்கிய இன்றைய ஹளேபீடு அவன் தலைநகர். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு அதனை உலுக்கியது. 1327இல் தில்லிப் படை மீண்டும் வந்து அழித்தது. நாடிழந்த மன்னன் தெற்கே ஒதுங்கித் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். மலையும் மதிலும் அவனுக்குக் காப்பாயின. அங்கிருந்தே மதுரைச் சுல்தான்களுடன் போரிட்டான். 1342ஐ ஒட்டிய ஆண்டில் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பத்தில், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பகைவரிடம் சிக்கினான். அப்போது அவனுக்கு எண்பது வயது என்று எழுதுகிறார் அக்காலத்தில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. மன்னனின் செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்டு, விடுதலை தருவதாகச் சொல்லிய பின் சுல்தான் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதனைத் தம் கண்ணால் கண்டதாகவும் அவர் எழுதியுள்ளார்.

வரலாறு சொல்வது இது. ஊர் சொல்வது வேறு. வல்லாள மகாராசனுக்குப் பிள்ளை இல்லை. அடியார் வேண்டியதை மறுக்காத கொடையாளன் அவன். அவனைச் சோதிக்க இறைவன் சங்கம அடியாராக வந்து, இரவுத் துணைக்குக் கணிகை ஒருத்தி வேண்டும் என்று கேட்டார். ஊரில் இருந்த கணிகையர் எல்லோரும் முன்பே அமர்த்தப்பட்டிருந்தனர். சொன்ன சொல் தவறக் கூடாதென்று மன்னனின் இளைய தேவி சல்லமா தேவியே முன்வந்தாள். அவள் தீண்டியபோது அடியார் கைக்குழந்தையாகிக் கிடந்தார். 'உன் மகனாக இருந்து உனக்குரிய கடனை நானே செய்வேன்' என்று வாக்களித்து மறைந்தார். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் இக்கதைக்குச் செய்யுள் வடிவம் தந்தது. கதையோடு நிற்கவில்லை ஊர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, தீர்த்தவாரியோடு வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். கடவுள் ஒரு மனிதனுக்கு மகனாக நின்று நீத்தார் கடன் செய்கிறார். மக்கள் அதனைக் கூடி நின்று பார்க்கின்றனர்.

இங்கே ஒரு முரண் உண்டு. வல்லாளனுக்கு மகன் இருந்தான். தந்தை இறந்ததும் 1343இல் அவன் நான்காம் வல்லாளனாக முடிசூடினான் என்று வரலாறு பதிந்துள்ளது. சில ஆண்டுகளில் அவன் ஆட்சி மங்கி, போசள நாடு விசயநகரத்தில் கரைந்தது. மகனுள்ள மன்னனை ஊர் ஏன் மலடனாக்கியது? வரலாற்றாசிரியர் சிலர் இதனைக் 'கட்டுக்கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். அது அவசரத் தீர்ப்பு. மதுரை மதிலில் தொங்கிய உடலுக்கு ஈமக்கடன் நடந்திருக்க முடியாது. எரியூட்டவும் எள்ளும் நீரும் இறைக்கவும் உடல் கிடைக்கவில்லை. மகனோ தொலைவில், சரியும் அரசைத் தாங்கிக்கொண்டிருந்தான். தங்களிடம் அடைக்கலம் புகுந்து, தங்கள் ஊரிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத கிழவனுக்குக் கடன் செய்ய ஆளில்லை என்பதை ஊர் அறிந்திருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே இறைவனை மகனாக்கிற்று என்று கொண்டால் கதையின் அடி புலப்படும். இதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பார்க்குக் காட்ட ஏதுமில்லை. ஆறு நூற்றாண்டுகளைக் கடந்த ஒரு மன்னனுக்கு இன்றும் திதி நடக்கிறது என்பது ஒன்றே காட்டக்கூடியது. கிருஷ்ணதேவராயருக்கு அந்தப் பேறு இவ்வூரில் கிட்டவில்லை.

கல்லில் இல்லாததைக் கதை காப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்னும் பழைய துறைமுக நகரம் உண்டு. அங்கே 1320இல் எழுந்த தூய நிக்கோலஸ் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அட்லாண்டிக் கடலைக் கடக்குமுன் கொலம்பஸ் அங்கே வந்து வணங்கினார் என்பது ஊர்வழக்கு. தேவாலயத்தை அடுத்து ஒரு சுவர். லிஞ்சு என்ற நகரத் தலைவர், கொலைக் குற்றம் செய்த தம் மகனைத் தூக்கிலிட எவரும் முன்வராமையால் 1493இல் தாமே தூக்கிலிட்டார் என்று அங்குள்ள கல் அறிவிக்கிறது. மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்தக் கல்லோ நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பன்னெடுங்காலம் பிந்தியது. வழிவழி வந்த கதைக்கு அவர்கள் பின்னாளில் கல் நட்டார்கள். திருவண்ணாமலையார் கதைக்குக் கல் நடவில்லை. ஆற்றங்கரைக்கு ஆண்டுதோறும் ஊர்வலம் போகிறார்கள். இரண்டனுள் எது உறுதியானது என்பதைக் கவிஞர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

வல்லாள கோபுரத்தை ஒட்டியே கோபுரத்திளையனார் சன்னதி உள்ளது. வாழ்வு வெறுத்த அருணகிரிநாதர் இக்கோபுரத்தின் உச்சியிலிருந்து விழ, முருகன் தாங்கிக்கொண்டான் என்பர். சற்றுத் தொலைவில் கம்பத்திளையனார். 15ஆம் நூற்றாண்டில் பிரபுடதேவராயன் முன்னிலையில், அருணகிரியார் பாட, முருகன் தூணில் தோன்றிய இடம் என வழங்குவது. அங்கிருந்து இன்னும் உள்ளே நடந்தால் கிளிக் கோபுரம்.

கவிஞர்கள் சற்றே செருக்குடன் நிமிர்ந்து பார்க்கத்தக்க வாயில் அது. சோழர் காலக் கோபுரம் என்பதில் அறிஞரிடையே ஐயம் இல்லை. அதனை எழுப்பியவன் பெயரை ஊர் மறந்தது. மன்னனின் பார்வையை மீட்கப் பாரிசாத மலர் கொணர வேண்டி, அருணகிரியார் தம் உடலை இக்கோபுரத்தில் விட்டுக் கிளியுடலில் புகுந்து சென்றார்; திரும்புமுன் பகைவன் சம்பந்தாண்டான் அவ்வுடலை எரித்துவிட்டான்; கிளியாகவே இங்கமர்ந்து கந்தரநுபூதி பாடினார் என்பது கதை. கோபுரம் எழுந்து சில நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த ஒரு புலவர் அதன் பெயரைக் கைப்பற்றிக்கொண்டார். ஒரு பிடி மண்ணோ ஒரு கல்லோ அவர் அதற்கு வைத்ததில்லை.

இதைவிட வியப்பான செய்தி கருவறையில் காத்திருக்கிறது. இன்று காணும் கட்டடத்தில் உள்ள கல்வெட்டுகள் முற்காலச் சோழரிலிருந்து தொடங்குகின்றன. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அண்ணாமலையைப் பாடியது 7ஆம் நூற்றாண்டில். எனவே பாட்டு மூத்தது. இப்போதுள்ள கற்றளி இளையது. அவர்கள் பாடிய நாளில் இங்கிருந்தது செங்கல்லோ, மரமோ, மலையடியில் ஒரு சிறு கோட்டமோ. அந்தக் கட்டடம் போயிற்று; பதிகம் ஓதுவார் வாயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதும் இத்தலத்தில்தான் என்பது மரபு. மார்கழி விடியலில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் அது ஒலிப்பதை அவையோர் கேட்டிருப்பர்.

இவ்வளவு சொன்னதால் கல்வெட்டு எளிதென்று கருதிவிடலாகாது. கோயிலின் சுவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன; சோழர், காடவராயர், போசளர், விசயநகரத்தார் எனப் பல அரசுகளின் சொற்கள் ஒரே சுவரில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இவற்றைத் தொகுத்து, பி. ஆர். சீனிவாசனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1990இல் வெளியிட்டது. கோயிலின் கட்டடக் கலை, திருவிழா, ஊரமைப்பு ஆகியவை பற்றிய அவ்வரிசையின் பிற தொகுதிகள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. திருவண்ணாமலையைப் பற்றிய மிக விரிவான நூல்வரிசையைத் திருவண்ணாமலைக்காரர் படிக்க வேண்டுமானால் பிரெஞ்சு கற்க வேண்டியிருப்பது எவருக்கும் பெருமை தருவதன்று.

கல்வெட்டு உரைநடையின் அழகைக் கவிஞர்கள் இன்னும் போதிய அளவு சுவைக்கவில்லை. நந்தா விளக்கு ஒன்றுக்கு நெய் அளக்கத் தொண்ணூறு ஆடு விடும் வழக்கம் சோழர் காலத்தில் பரவலாக இருந்தது. அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இருக்காது. ஒன்று செத்தால் அதன் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி, தொண்ணூறு குறையாமல் காப்பது இடையனின் பொறுப்பு. ஆடுகள் மாறும், மந்தைக்குச் சாவில்லை. கணக்கெழுதும் ஓர் ஊர்க்கணக்கன் உலர்ந்த நடையில் எழுதிய தொடர் இது. கவிதை எழுதுவதாக அவன் எண்ணியிருக்க மாட்டான்.

இக்கற்களின் இன்றைய நிலை என்ன என்பதே இங்குக் கவலைக்குரிய பொருள். 2002இல் இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஊரில் எதிர்ப்பு பெருகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. ஊரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. நினைவுச் சின்னம் என்பது இறந்துபோனவர்க்கு எழுப்புவது. அண்ணாமலையார் நாளும் பள்ளியெழுந்து உண்டு உறங்குபவர், வழக்காடுபவர், மாசியில் திதி கொடுக்கச் செல்பவர். அவர் வீட்டில் ஒரு கால் நடவும் ஓர் ஓலையைக் கட்டவும் தொலைதூர அலுவலகத்தின் ஒப்பம் வேண்டுமென்றால் ஊர் பொறுக்குமா? மறுபக்கத்தார் கவலையும் பொய்யன்று. திருப்பணி என்ற பெயரில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணாம்பு ஏறியதையும், வண்ணம் பூசப்பட்டதையும், மின்கம்பிக் குழாய்க்காக ஆணி அறையப்பட்டதையும் கண்டவர்கள் அவர்கள். இரு தரப்பாரும் உரத்துப் பேசினர். யார் உரிமை என்பதே பேச்சாயிற்று. சுவரில் உள்ள எழுத்துக்காக வாதாட எவரும் அந்த அவையில் ஏறியதாகத் தெரியவில்லை. வாய்மொழிக் கதைக்குக் காவல் தேவையில்லை. அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சாவா மூவாப் பேராடு அதுதான். கல்லெழுத்து ஒருமுறை தேய்ந்தால் போயிற்று. ஊரின் கதை எங்கே மெய்யிலிருந்து விலகி நடந்தது என்று அறிவதற்கே அந்த எழுத்து வேண்டும். நான்காம் வல்லாளனைப் போன்ற ஒருவன் இருந்தான் என்று எந்தக் கல்லும் சொல்லாமல் போயிருந்தால், ஊர் ஒரு மன்னனை மகனற்றவனாக்கியதன் உருக்கமும் புலப்பட்டிராது.

இலக்கிய வட்டத்தார் பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடுகின்றனர். அவற்றுள் ஒரு கூட்டத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒரு சுவரையேனும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தால் என்ன? ஒரு மாலைப்பொழுது போதும். எதுகை மோனை இல்லாத பழந்தமிழ் அங்கே நிறைய உண்டு.

இனி வடக்கு வாயில். அங்குள்ள 171 அடிக் கோபுரம் அம்மணி அம்மாள் கோபுரம். செங்கம் வட்டாரத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த பெண் துறவி அவர். பாதியில் நின்றிருந்த கோபுரத்தை முடிப்பதற்கு வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். இல்லையென்று கைவிரித்த செல்வரிடம், அவர் பெட்டியில் உள்ள பணத்தின் அளவைச் சொல்லி வாங்கினார் என்பர். ஈசானிய லிங்கத்தின் அருகே அவர் சமாதி உள்ளது. இத்துணைப் பெரிய கோயிலின் நான்கு வெளிக்கோபுரங்களுள் மனிதர் ஒருவரின் பெயரால் ஊர் அழைப்பது இது ஒன்றைத்தான். அந்த மனிதர் அரசரல்லர், ஆணுமல்லர்.

அவரைப் பற்றிய கதைகளுள் எல்லோரும் அறிந்தது கூலிக் கதை. திரட்டிய பணம் தீர்ந்துபோயிற்று. கூலிக்கு நின்ற கொத்தர்களுக்கும் கல் சுமந்தவர்களுக்கும் அம்மணி அம்மாள் ஆளுக்கு ஒரு பிடி திருநீறு கொடுத்தார். வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தபோது அது காசாக இருந்தது; அவரவர் செய்த வேலைக்கு ஏற்ற அளவு, கூடவுமில்லை, குறையவுமில்லை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ராயர்களும் நாயக்கர்களும் விட்டுச்சென்ற கல்வெட்டுகளில் பொன்னும் நிலமும் ஊரும் அணிகலனும் வரிசையாக வருகின்றன. கோபுரத்தை ஏற்றிய ஆளின் அன்றாடக் கூலி அங்கே தென்படுவது அரிது. வடக்குக் கோபுரத்தின் கதையில் அது வருகிறது, கணக்குப் பிசகாமல்.